விசிட்டர் கார்டில் பதினேழு வருஷம்

ஆபீசில் டீ கொடுக்கிறவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். தட்டை மட்டும்தான் பார்ப்பார்கள்.

பதினேழு வருஷம் அந்தத் தட்டைப் பிடித்தவன் நான். பெயர் ஏழுமலை. படிப்பு ஐந்தாவது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஐந்து மாடி ஆபீஸ். அதன் பெயர் வேண்டாம். சொன்னால் "அப்படி ஒருத்தர் இங்கே வேலையே செய்யவில்லை" என்பார்கள். காகிதப்படி அது உண்மையும்கூட. அங்கே பர்மனென்ட் ஆட்களுக்குக் கழுத்தில் நீலக் கயிறு, காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சைக் கயிறு, பார்வையாளர்களுக்குச் சிவப்புக் கயிறு. என் கழுத்தில் சிவப்பு. அதில் தொங்குகிற அட்டையில் 'விசிட்டர்' என்று போட்டிருக்கும். காலை எட்டரைக்கு கேட்டில் வாங்கி மாட்டிக்கொண்டு, சாயந்திரம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல 'ரெண்டு நாளைக்கு மட்டும்' என்று கூப்பிடப்பட்டு, போன இடத்திலேயே நரைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது புரியும். போன வருஷம் எங்கள் ஆபீசில் ஒரு உத்தரவு வந்தது. வெளியாட்கள் எல்லோரையும் ஒரே கம்பெனியின் கீழ் கொண்டுவருகிறார்கள். 'ஏற்கெனவே இங்கே வேலை செய்கிறவர்' என்று லிஸ்டில் ஏறினால் பச்சைக் கயிறு, ஏறாவிட்டால் வீட்டுக்கு. ஐம்பத்தொன்பது வயதில், பெரும்பாக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவன் கையில் வேறு யார் டீத்தட்டைக் கொடுப்பார்கள்? நான் அந்த லிஸ்டில் ஏறினேனா என்று சொல்வதற்கு முன்னால், அதுவரை ஏன் எந்த லிஸ்டிலும் இல்லாமல் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தனசேகரன் பெயர் வரும். வரட்டும். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

பிசகின கை

மந்தைவெளியில் தள்ளுவண்டி போட்டு டீ விற்றுக்கொண்டிருந்தேன். தனசேகரன் என் வாடிக்கை. அந்த ஆபீசில் அவர் பர்மனென்ட் அட்டெண்டர். (மரியாதைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன், மனசுக்குள் வேறு.) அவருக்கு என்ன வேலை என்று அவருடைய ஆர்டரிலேயே தெளிவாக இருக்கும்: டீ போட்டு ஐந்து மாடிக்கும் கொடுப்பது. ஒருநாள் வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். பஸ் படியில் பிசகிவிட்டதாம். "ரெண்டு நாளைக்கு மட்டும் வந்து பாத்துக்கோ நைனா" என்றார். அதே வாரம்தான் பிளாட்பாரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று என் வண்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். போனேன்.

மூன்றாம் நாள் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மாசக் கடைசியில் ஒரு கவர் வந்தது. கேண்டீன் காண்ட்ராக்டர் என்னை ஆபீஸ் ஆள் என்று நினைத்தார். ஆபீஸ் என்னைக் காண்ட்ராக்டர் ஆள் என்று நினைத்தது. கவர் யாரிடமிருந்து வருகிறது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் நின்றுவிடும். காண்ட்ராக்டர்கள் நாலு பேர் மாறினார்கள். தனசேகரன், நான் டீ போடுகிற பேன்ட்ரி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். பிறகு செல்போன் வந்தது, அதைப் படித்தார்.

பத்தாவது வருஷம் ஆபீஸ் விளையாட்டுப் போட்டியில் கேரம் கோப்பை தனசேகரனுக்கு. கடைசி ஆட்டத்தில் சிவப்புக் காயை எதிர் மூலையிலிருந்து வெட்டி எடுத்த விதத்தை ஐந்து மாடியும் பேசியது. அன்றைக்கும் எல்லோருக்கும் டீ கொடுத்தது நான்தான். கோப்பையை வலது கையாலேயே தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பக்கத்தில் போய், "கை சரியாயிடுச்சு போல கீதே, தனசேகரு" என்றேன். கோப்பையை மெதுவாக இடது கைக்கு மாற்றினார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வெளிய பாத்தா அப்படித்தான் தெரியும் நைனா, உள்ள வலி அப்படியே கீது."

யாரைப் பார்க்க வந்தாய்

கேட்டில் செக்யூரிட்டி கரீம் பாய், ராயப்பேட்டைக்காரர். அவரும் காண்ட்ராக்ட்தான், ஆனால் வேறு காண்ட்ராக்ட். அவர் கம்பெனி ஆளுக்கு எங்கள் டீ கிடையாது என்று ஒரு விதி இருந்தது. அதனால் அவர் டீயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மறைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்ல மனுஷன். ஆனால் விசிட்டர் நோட்டு என்று வந்தால் சொந்த மச்சானையும் விடமாட்டார். முதல் நாள் என்னை நிறுத்தி நோட்டில் அவரே எழுதிக்கொண்டார். பெயர்: ஏழுமலை. யாரைப் பார்க்க: தனசேகரன். காரணம்: டீ. அன்றிலிருந்து தினமும் அதே மூன்று வரி. கூடவே ஒரு சீட்டு கொடுப்பார். யாரைப் பார்க்க வந்தோமோ அவர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் சாயந்திரம் வெளியே விடுவார்கள். நான் வீட்டுக்குப் போகத் தினமும் தனசேகரன் கையெழுத்து வேண்டும். இதை நினைத்துப் பாருங்கள்.

ஒருநாள் மூன்று மணிக்கு, நொச்சிக்குப்பத்தில் நல்ல வஞ்சிரம் வந்திருக்கிறது என்று போன் வந்து, தனசேகரன் கிளம்பிவிட்டார். சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஆறு மணிக்கு நான் கேட்டில் மாட்டிக்கொண்டேன். "பாய், நான் தினமும் வர்ற ஆளு" என்றேன். "தினமும் வர்றீங்க அண்ணே, அதான் தினமும் கையெழுத்து" என்றார். தனசேகரனுக்கு ஏழு தடவை போன் போட்டேன். மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் எடுக்கவில்லை.

ஆறே முக்காலுக்கு அவரே ஸ்கூட்டரில் வந்தார். ஹேண்டில்பாரில் பை தொங்குகிறது, பைக்கு வெளியே வால் தொங்குகிறது. இறங்காமலே சீட்டை வாங்கி, மீன் கையாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கரீம் பாய் அந்தச் சீட்டை ரெண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாக்க வந்த ஆளு மூணு மணிக்கே போய்ட்டாரு, நீங்க ஆறு மணி வரிக்கும் உள்ள யாரை பாத்துக்கினு இருந்தீங்க?"

நாலு பிஸ்கட்

டீக்கும் ஒரு சர்க்குலர் உண்டு. நீலக் கயிறுக்குப் பீங்கான் கோப்பை, ரெண்டு பிஸ்கட். பச்சைக் கயிறுக்குக் காகிதக் கப், பிஸ்கட் கிடையாது. நாலாவது மாடியில் ஒரே மேஜையில் ரெண்டு பேர். ஒருத்தர் நீலக் கயிறுப் பெரியவர். இன்னொருத்தி கவிதா என்று பச்சைக் கயிறுப் பெண். கம்ப்யூட்டரில் பெரியவர் செய்ய வேண்டிய வேலையை கவிதா செய்வாள். பெரியவர் ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, இன்னொன்றைக் கவிதா பக்கத்து ஃபைல் மேல் 'மறந்து' வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். தினமும் மறப்பார். சர்க்குலரை மீறாமல் தர்மம் செய்ய எங்கள் ஆபீசில் அப்படித்தான் வழி.

அந்த சர்க்குலர் பேன்ட்ரி சுவரில் வருஷக்கணக்கில் ஒட்டியிருந்தது. முழுக்க இங்கிலீஷ். ஒருநாள் சிலிண்டர் இறக்கக் கூட வந்த கரீம் பாய் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, கடைசி வரியில் நின்றுவிட்டார். பார்வையாளர்களுக்குப் பீங்கான் கோப்பை, நாலு பிஸ்கட் என்று, அதுவரை யாரும் எனக்குச் சொல்லாத ஒரு விதி இருந்தது. என் கழுத்தில் தொங்குகிற அட்டையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை வருஷமும் நான் நசுங்கின எவர்சில்வர் டம்ளரில் நின்றுகொண்டே குடித்துக்கொண்டிருந்தேன்.

உடனே கை கழுவினேன். பீங்கான் கோப்பை எடுத்து, சாசர் வைத்து, நாலு பிஸ்கட்டை விசிறி மாதிரி அடுக்கி, தனசேகரன் நாற்காலியிலேயே உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக் குடித்தேன். மூன்றாவது பிஸ்கட்டில் தனசேகரன் உள்ளே வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், சாசரில் மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்தார். அவர் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "உனக்கு நாலு, பர்மனென்ட்டு எனக்கு ரெண்டா? இன்னா ஆபீசுயா இது."

பின்பக்க கேட்

ஒருதரம் பர்மனென்ட் ஆட்கள் ஸ்ட்ரைக். கேட்டுக்கு வெளியே பந்தல், கொடி, கோஷம். பச்சைக் கயிறுகள் ஸ்ட்ரைக் செய்தால் மறுநாள் வேறு பச்சைக் கயிறு வந்துவிடும் என்பதால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்கள். நான் நடுவில் நின்றேன். சிவப்புக் கயிறு ஸ்ட்ரைக் செய்யலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தலின் முன்வரிசையில் தனசேகரன். 'பணிச்சுமையைக் குறை' என்ற அட்டையை உயர்த்திப் பிடித்திருந்தார், அதே வலது கையால். நான் அட்டையைப் படித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

நான் உள்ளே போய் வழக்கம்போல டீ போட்டேன். பத்து மணிக்கு சங்கத் தலைவர் கேட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். டீ அட்டெண்டர் ஸ்ட்ரைக்கில் இருக்கும்போது ஐந்து மாடிக்கும் நேரத்துக்கு டீ போய்க்கொண்டிருந்தால் ஸ்ட்ரைக் என்று எவன் நம்புவான் என்று கேட்டார். நியாயம்தான். அடுப்பை அணைத்தேன். ஆபீஸ் ஸ்தம்பித்ததோ இல்லையோ, பந்தல் ஸ்தம்பித்துவிட்டது. காலையிலிருந்து அவர்கள் கத்திக்கொண்டிருந்தது என் டீயைக் குடித்துத்தான். பதினொன்றரை வெயிலில் கோஷம் இறங்கி, முனகலாகி, அதுவும் நின்றது. தனசேகரன் அட்டையைத் தலைக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் தாங்கமாட்டாமல் மறுபடி கேட்டோரம் வந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதோரம் சொன்னார்: "போராட்டத்தையும் விட முடியாது, டீயையும் விட முடியாது, நீ ஒண்ணு பண்ணு தோழரே, பின்பக்க கேட்டு வழியா எடுத்துக்கினு வா."

மூன்று மூட்டை

இப்போது அந்த லிஸ்டுக்கு வருகிறேன். லிஸ்ட் எடுத்தது பர்சனல் செக்‌ஷன் ராஜி மேடம், மயிலாப்பூர்க்காரர். பதினைந்து வருஷமாக என் கையால் சர்க்கரை கம்மியாக டீ குடிக்கிறவர். லிஸ்டில் என் பெயர் இல்லை என்றதும் ஓடினேன். "ஏழுமலை, நான் ஒங்கள தெனமும் பாக்கறேன். ஆனா நான் பாக்கறதெல்லாம் ரெக்கார்டு ஆயிடாதே" என்றார். "நீங்க இங்க வேலை செஞ்சேள்னு ஒரு காகிதம், ஒரே ஒரு காகிதம் கொண்டு வாங்கோ. வெள்ளிக்கிழமையோட லிஸ்ட முடிக்கணும்." ஆபீசிலும் ஒரு காகிதம் இல்லை, காண்ட்ராக்டரிடமும் இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

மறுநாள் கரீம் பாயிடம் சொன்னேன். அவர் நேராக மாடிப்படிக்கு அடியில் நுழைந்தார். பழைய விசிட்டர் நோட்டுகளைக் கடைக்குப் போடச் சொன்னால் அவர் போடுவதில்லை. கேஸு கீஸு வந்தால் தேவைப்படும் என்று கட்டி வைத்திருந்தார். பெருமழையில் தண்ணீர் உள்ளே வந்தபோது நனைந்து அழிந்த ஒரு வருஷத்து நோட்டுகளைத் தவிர எல்லாம் இருந்தது. மூன்று கோணி மூட்டை. ரெண்டு பேரும் சாமான் லிஃப்டில் ஏற்றி, ராஜி மேடம் மேஜை மேல் அவிழ்த்துக் கொட்டினோம். தூசியில் மேடம் நாலு தும்மல் போட்டார்.

ஒரு நோட்டைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர், உள்ளே வந்த மணி, வெளியே போன மணி, தனசேகரன் கையெழுத்துப் போட்ட சீட்டுகள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்துலயும் காரணம் 'டீ'ன்னுதான் போட்டிருக்கு. இவர் குடுக்க வந்தாரா, குடிக்க வந்தாரான்னு மேல கேட்டா நான் என்ன சொல்றது?" அந்த மூன்று வரியை அத்தனை வருஷமும் எழுதினது கரீம் பாய். அவர் முகம் வெளுத்தது. பிறகு என் தோளைப் பிடித்து மேடம் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். "தினமும் ஒம்போது மணி நேரம், பதினேழு வருஷம் டீ குடிச்சவன் இப்படி ஆரோக்கியமா நிப்பானா மேடம்?"

சோதனை டீ

மேடம் சிரித்தார், ஆனால் என் பெயரை எழுதவில்லை. புதுக் கம்பெனியின் படிவத்தைப் புரட்டி ஒரு கட்டத்தைக் காட்டினார். காகிதம் இல்லாதவருக்கு, அதே பதவியில் இருக்கும் பர்மனென்ட் ஊழியர் 'இவர் இந்த வேலையில் தேர்ந்தவர்' என்று சான்று கொடுத்தால் போதுமாம். டீ கொடுக்கிற பதவியில் இருக்கும் பர்மனென்ட் ஊழியர் அந்த ஆபீசில் ஒரே ஒருத்தர். என் பிழைப்பு எவர் கையில் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ, அவர் கையில் போய் நின்றது.

தனசேகரன் ஆர அமர யோசித்தார். "பதினேழு வருஷமா இவருதான் போட்டாருன்னு எழுதுனா, நீ இன்னாயா பண்ணிக்கினு இருந்தேன்னு என்னைய கேப்பாங்க மேடம். இன்னிக்கி சோதிச்சு பாத்தேன், சரியா கீதுன்னு வேணா எழுதறேன்" என்றார். எழுத்தில் வருகிறது என்றதும் ஆளுக்கு எங்கிருந்தோ ஒரு பொறுப்பு வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடம் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பேன்ட்ரிக்கு ஓடினேன். பாலைச் சுண்டவிட்டு, புதுப் பாக்கெட் பிரித்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, முதலாளிகள் வந்தால் போடுகிற டீயைப் போட்டுக் கொண்டுவந்தேன். தனசேகரன் ஒரு வாய் உறிஞ்சினார். முகம் சுளித்தார். இன்னொரு வாய். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். "இது ஏழுமலை டீ இல்ல மேடம். வேற எவனோ போட்டு குடுத்து அனுப்பிகீறான். ஏமாத்து வேல."

இங்கே உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பிசகின கை என்று சொன்னவர் வண்டி ஸ்டாண்டில் ரெண்டு கையாலும் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்ததை மூன்றாம் நாளே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து தனசேகரன் ஒருத்தருக்கு மட்டும் நான் தனியாக டீ போட்டேன். ஐந்து மாடிக்கும் வடிகட்டின சக்கையை மறுபடி கொதிக்கவிட்டு, பால் பாத்திரம் அலசின தண்ணீரை அதில் ஊற்றினால் ஒரு கலர் வரும். அதுதான் அவர் டீ. இன்றைக்கு முகம் சுளிப்பார், நாளைக்குச் சுளிப்பார் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வருஷமும் மனுஷன் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு கிளாஸை நீட்டினார். நல்ல டீக்குத்தான் இப்போது முதல்முறையாகச் சுளிக்கிறார்.

"ஏழுமலை, இது நீங்க போட்டதுதானா?" என்றார் மேடம். சத்தியம் செய்து பயனில்லை. "ஒரு நிமிஷம் மேடம்" என்று பேன்ட்ரிக்குப் போனேன். வடிகட்டியில் காலைச் சக்கை அப்படியே இருந்தது. அதைக் கொதிக்கவிட்டு, பால் பாத்திரத்தை அலசி ஊற்றி, கொண்டுவந்து வைத்தேன். தனசேகரன் உறிஞ்சினார். கண்ணை மூடினார். தோள் ரெண்டும் இறங்கி, நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிப் பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார். அப்படி என்னதான் இருக்கிறது என்று மேடம் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, என் பெயருக்கு நேரே குத்தினார். தனசேகரன் மட்டும் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டே, மேடத்திடம் மனசைத் திறந்தார்: "என் சம்சாரம்கூட இப்படி போட மாட்டா மேடம், நான் லீவே போடாம தினிக்கும் ஆபீசுக்கு வர்றதே இந்த டீக்காகத்தான்."

பச்சைக் கயிறு மாட்டி மூன்று மாசம் ஆகிறது, என் அனுபவம் என்ற கட்டத்தில் 'புதியவர்' என்று போட்டிருக்கிறார்கள், அந்த ஆபீசில் என்னுடையது என்று பர்மனென்ட் ஆனது தனசேகரன் மேல் நான் ரகசியமாகத் தீர்த்துக்கொண்டிருந்த வஞ்சம் ஒன்றுதான்.